கிம்ப்பில் இரவு வானம் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழ்த்து அட்டை, யூடியூப் முகப்புப் படம், சிறுவர் கதைக்கு ஓவியம், நாடகத்துக்குப் பின்திரை என்று இரவு வானம் தேவைப்படும் இடங்கள் நிறைய. இதில் மென்பொருள் வேலை ஒரு மாலையில் கைவந்துவிடும். ஆனால் வரைகிறவர் வானத்தை அண்ணாந்து பார்க்காமல் வரைந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கீழே உள்ள பதில்களில் மெனு பாதி, வானம் பாதி.

எந்த மென்பொருளில் செய்வது? போட்டோஷாப் கட்டாயமா?

இல்லை. இங்கே சொல்வதெல்லாம் கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளுக்கு. 1995இல் பெர்க்லியில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இன்றும் இலவசம், 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. அந்தப் பதிப்பில் ஒரு பெரிய வசதி: பில்டர் போட்ட பிறகும் அதன் அளவை மாற்றலாம். பழைய 2.10 வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பில்டருக்கு முன்பும் லேயரை (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாளை) ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லேயர், நாய்ஸ் (சிதறிய புள்ளிகள்), பிளர் (மங்கலாக்குவது), லெவல்ஸ் (இருட்டு, வெளிச்சத்தைச் சரிசெய்வது) இந்த நான்கும் உள்ள எந்த மென்பொருளிலும் இதே வேலையைச் செய்யலாம். பெயர்கள் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். கார்ட்டூன் பாணியில் தட்டையான வானம் போதும் என்றால் இங்க்ஸ்கேப் என்ற கோட்டோவிய மென்பொருள் இன்னும் சுலபம்.

வானத்தைக் கறுப்பால் நிரப்பினால் போதாதா?

போதாது. இரவு வானம் எங்கேயும் ஒரே நிறமாக இருப்பதில்லை. தலைக்கு மேலே கருமை அதிகம், அடிவானத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் கொஞ்சம் கூடுதல். கீழே போகப் போக நாம் பார்ப்பது அடர்ந்த காற்றின் ஊடாக. ஊர் விளக்குகளின் ஒளியும் அங்கேதான் தேங்கும்.

1920க்கு 1080 பிக்சலில் புதிய படம் திறந்து, இமேஜ் மெனுவில் பிரிசிஷனை 16 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது. கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாகக் கரையும்) கருவியை எடுத்து மேலிருந்து கீழாக இழுங்கள். மேலே ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல அளவு (5, 8, 20), கீழே (28, 42, 74). நகரத்து வானம் வேண்டுமென்றால் அடியில் இன்னொரு மெல்லிய கிரேடியன்ட், மங்கிய ஆரஞ்சில். கிராமத்து வானத்துக்கு அது வேண்டாம்.

நீலம் ஏன் என்று கேட்பார்கள். மங்கலான வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைக் கிட்டத்தட்ட இழந்துவிடும், நீலப் பச்சைப் பக்கம் கூர்மையாகும். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்ன செக் உடலியலாளர் புர்கின்யேயின் பெயரில்தான் இந்த விளைவை இன்றும் அழைக்கிறார்கள். சினிமாவில் ராத்திரி என்றால் நீல விளக்கு போடுவதும் இந்தக் கண் பழக்கத்தை நம்பித்தான்.

நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக வைக்க வேண்டுமா?

பெரியவற்றை மட்டும். மீதியை நாய்ஸ் பில்டர் பார்த்துக்கொள்ளும்.

புதிய லேயர் ஒன்றைச் சுத்தமான கறுப்பால் நிரப்புங்கள். பில்டர்ஸ் மெனுவில் நாய்ஸ், அதற்குள் ஆர்ஜிபி நாய்ஸ். அங்கே 'கோரிலேட்டட் நாய்ஸ்' என்ற இடத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது ஏற்கெனவே இருக்கும் நிறத்தோடு பெருக்கும் வகை. கறுப்பை எதால் பெருக்கினாலும் கறுப்புதான் வரும். 'ஒன்றுமே தெரியவில்லையே' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த டிக்கால்தான். 'இண்டிபென்டன்ட் ஆர்ஜிபி' டிக்கையும் எடுங்கள், இல்லையென்றால் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் வரும். அளவைப் பாதிக்கு ஏற்றி ஓகே கொடுங்கள்.

இப்போது திரை முழுக்க இரைச்சலாக இருக்கும். பயப்பட வேண்டாம். காஸியன் பிளர் 0.7 அளவில் போடுங்கள். அப்புறம் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். இடது ஓரத்துக் கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த புள்ளிகள் கூட்டம் கூட்டமாக மறையும். 'இன்னும் கொஞ்சம் மறையலாம்' என்று தோன்றும் இடத்தையும் தாண்டிப் போய் நிறுத்துங்கள். வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் சற்று நகர்த்தினால் மிச்சமிருப்பவை பளிச்சென்று ஆகும். லேயரின் மோடை ஸ்க்ரீனுக்கு மாற்றினால் கறுப்பு மறைந்து புள்ளிகள் மட்டும் வானத்தின் மேல் நிற்கும்.

இதே வேலையை இன்னொரு லேயரில் செய்து, அதை 200 சதவீதம் பெரிதாக்குங்கள். வெளியே நீளும் பகுதியை வெட்டிவிடலாம். இது நடுத்தர நட்சத்திரங்களுக்கு. லெவல்ஸில் இன்னும் கஞ்சத்தனமாக இருங்கள். கடைசியாக, மென்மையான அழிப்பானால் அங்கங்கே தடவி, நாய்ஸின் சீரான பரவலைக் குலைத்துவிடுங்கள். அடிவானத்தை ஒட்டியும் அழியுங்கள். அங்கே மங்கலான நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தெரியாது.

எத்தனை நட்சத்திரம் இருந்தால் இயற்கையாக இருக்கும்?

முக்கியமான கேள்வி இதுதான். பெரும்பாலான படங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. எண்ணிக்கை கூடுவதால் மட்டும் அல்ல, எல்லாம் ஒரே அளவில் இருப்பதால்.

நட்சத்திரங்களின் பிரகாசத்தைப் பொலிவெண் என்ற கணக்கில் அளக்கிறார்கள். பொலிவெண் ஒன்று கூடினால் வெளிச்சம் சுமார் இரண்டரை மடங்கு குறையும். அதே நேரத்தில் அந்தப் படியில் இருக்கும் நட்சத்திரங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்காகும். இந்த மும்மடங்கு ஏணியைப் படத்தில் கொண்டுவந்துவிட்டால் போதும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே வானம் நிஜமாகத் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு வானத்திலும் வெறும் கண்ணுக்கு எட்டக்கூடியவை சுமார் 9,000. இது மலையுச்சி போன்ற நல்ல இருட்டில். உங்கள் 1920க்கு 1080 படத்தை 24 மி.மீ. லென்ஸில் எடுத்த காட்சியாக வைத்துக்கொண்டால் அது முழு வானத்தில் சுமார் ஏழரை சதவீதம். ஆக படத்தில் 650க்குக் கொஞ்சம் மேலே. அதைப் பிரித்தால் மிகப் பிரகாசமானவை 2, அடுத்த படி 5, பிறகு 14, 45, 145, கடைசியில் மிக மங்கலானவை 450. தரை பாதிப் படத்தை எடுத்துக்கொண்டால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

படத்தில் மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் பிக்சல்கள் இருக்கின்றன. அதில் ஒரு சதவீதம் வெள்ளையானாலே 20,000 நட்சத்திரம் ஆகிவிடும். லெவல்ஸில் கஞ்சத்தனம் என்று சொன்னது இதனால்தான். சென்னை, மதுரை போன்ற நகரத்து மொட்டை மாடி வானம் என்றால் அந்த ஏணியின் முதல் மூன்று, நான்கு படிகளோடு நிறுத்திவிடலாம். வெறிச்சென்று இருக்கும். இருக்கட்டும், நகரத்தில் வானம் அப்படித்தான் இருக்கிறது.

முதல் இரண்டு படிகளையும் கையால் வையுங்கள். தனி லேயர், 4 முதல் 6 பிக்சல் பிரஷ், ஒரு சொடுக்குக்கு ஒன்று. அந்த லேயரை நகலெடுத்து 8 அளவில் பிளர் செய்து ஸ்க்ரீனில் வைத்தால் மெல்லிய ஒளிவட்டம் கிடைக்கும்.

நட்சத்திரங்களுக்கு நிறம் கொடுக்கலாமா?

பிரகாசமானவற்றுக்கு மட்டும், அதுவும் லேசாக. நிறத்தைத் தீர்மானிப்பது மேற்பரப்பு வெப்பநிலை. திருவாதிரை சுமார் 3,500 கெல்வின், ஆரஞ்சு கலந்த சிவப்பு. அதே ஓரியன் கூட்டத்தில் எதிர்ப் பக்கம் இருக்கும் ரைஜல் 12,000 கெல்வின், நீலம் தோய்ந்த வெள்ளை. கேட்டையும் ரோகிணியும் செம்மைப் பக்கம், சித்திரை நீலம். பச்சை நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஊதாவும் இல்லை. மங்கலானவை எல்லாம் சாம்பல் வெள்ளையாகவே இருக்கட்டும், கண் அங்கே நிறம் பார்ப்பதில்லை.

சூப்பர்நோவா பில்டர், லென்ஸ் பிளேர், நான்கு முனை மின்னல்?

வேண்டாம் என்பது என் கட்சி. அந்த முனைகள் நட்சத்திரத்துடையவை அல்ல, கருவியுடையவை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் நான்கு முனை வருவது உள்ளே இரண்டாவது கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளால். விண்வெளிப் படம் என்று தெரிந்தே செய்தால் சரி, அப்போதும் ஒரே படத்தில் எல்லா நட்சத்திரத்துக்கும் முனைகள் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். தென்னந்தோப்புக்கு மேலே அது தேவையில்லை.

நிலாவை எவ்வளவு பெரிதாக வரையலாம்?

உண்மை அளவு கேட்டால் நம்பமாட்டீர்கள். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரி. மேலே சொன்ன 24 மி.மீ. காட்சியில் அது வெறும் 12 பிக்சல்! அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது மனத்தின் மயக்கம்தான். போஸ்டரில் அதை 60, 80 பிக்சல் ஆக்கினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், கண் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. 400 பிக்சல் நிலா வேண்டுமென்றால் முன்னே நிற்கும் மரமும் கோபுரமும் டெலி லென்ஸில் (தூரத்தில் உள்ளதை நெருக்கிக் காட்டும் லென்ஸில்) எடுத்ததுபோல் தட்டையாக, நெருக்கமாக இருக்க வேண்டும். கேமராவில் பெரிய நிலா கிடைப்பது அந்த வழியில்தான்.

ஒளிவட்டத்துக்கு நிலா லேயரை நகலெடுத்து, 40 அளவில் பிளர், ஸ்க்ரீன் மோட். முழு நிலா உள்ள படத்தில் ஏணியின் கடைசி இரண்டு படி நட்சத்திரங்களையும் அணைத்துவிடுங்கள். பௌர்ணமி வெளிச்சத்தில் அவை தெரியாது. ஜொலிக்கும் முழு நிலாவும் பால்வழியும் ஒரே வானத்தில் வருவது கணினியில் மட்டுமே நடக்கும்.

பிறை நிலா சரியாக வரமாட்டேன் என்கிறது. ஏன்?

ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்தை வெட்டுகிறீர்கள் அல்லவா, அதனால்தான். அப்படிச் செய்தால் கொம்புகள் அரைவட்டத்தைத் தாண்டி வளைந்துவிடும். நிஜப் பிறையின் இரண்டு முனைகளும் நிலாவின் நேர் எதிர் எதிர்ப் புள்ளிகளில் நிற்கும். உள்விளிம்பு ஒரு நீள்வட்டத்தின் பாதி.

எலிப்ஸ் செலக்ட் கருவியில் விகிதத்தை 1:1 என்று பூட்டி வட்டம் போடுங்கள். கருவியின் மோடை சப்ட்ராக்ட் ஆக்கி, செவ்வகத் தேர்வால் இடது பாதியைக் கழியுங்கள். பிறகு அதே மையம், அதே உயரம், ஆனால் குறுகலான அகலத்தில் ஒரு நீள்வட்டத்தைக் கழியுங்கள். மிஞ்சியதை வெள்ளையால் நிரப்பினால் பிறை. அரை நிலாவுக்கு மேலே வளர்ந்த நிலா வேண்டுமென்றால் நீள்வட்டத்தைக் கழிக்காமல் சேருங்கள்.

இனி திசை. ஒளி விழும் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்திருக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பார்த்தால், மாலைப் பிறைக்குக் கீழே ஏறத்தாழ நேராகச் சூரியன் மறைந்திருக்கும். அதனால் பிறை படகுபோல் மல்லாந்து கிடக்கும். குளிர்நாட்டு வாழ்த்து அட்டைகளைப் பார்த்து நிமிர்த்தி வைத்துவிடாதீர்கள். வலப்பக்கம் ஒளியுள்ள பிறையைக் கடிகார திசையில் 60 முதல் 90 டிகிரி வரை சுழற்றுங்கள். பிறையின் இருண்ட வயிற்றுக்குள் நட்சத்திரம் வைப்பதும் கூடாது. அங்கே இருப்பது நிலாதான், ஓட்டை இல்லை.

பண்டிகைப் படங்களில் எந்த நிலா வரும்?

தீபாவளி வாழ்த்தில் முழு நிலா! ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் வந்து குவிகிறது. தீபாவளி அமாவாசையை ஒட்டிய சதுர்த்தசி. அன்று இரவில் நிலா கிடையாது. எண்ணெய்க் குளியல் நேரத்தில், விடியலுக்கு முன் கிழக்கில் நூலிழைத் தேய்பிறை இருந்தால் உண்டு. வாண வேடிக்கைக்கு இருட்டு வானம்தான் அழகும்கூட.

கார்த்திகை தீபத்துக்கு முழு நிலா பொருத்தம். சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும், பக்கத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். தைப்பூசம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம் எல்லாமே முழு நிலாவை ஒட்டியவை. விநாயகர் சதுர்த்தி என்றால் மாலையில் மேற்கே நான்காம் பிறை. கிருஷ்ண ஜெயந்தி தேய்பிறை அஷ்டமி, ஆகவே ஏறக்குறைய நள்ளிரவில் கிழக்கே அரை நிலா எழும். நள்ளிரவுப் பிறப்புக் காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? சிவராத்திரியில் இரவு பெரும்பாலும் நிலாவே இல்லை. ரம்ஜான் பிறை மேற்கே, தாழ்வாக, அந்தி வெளிச்சம் மறைவதற்குள். நள்ளிரவுக் கருமைக்கு நடுவில் உச்சி வானத்தில் மெல்லிய பிறை வைத்தால் அது எந்தப் பண்டிகைக்கும் பொருந்தாது. பொங்கலும் கிறிஸ்துமஸும் சூரியக் கணக்கு, உங்கள் இஷ்டம்.

பால்வழி மண்டலத்தை எப்படிக் கொண்டுவருவது?

பில்டர்ஸ், ரெண்டர், நாய்ஸ், சாலிட் நாய்ஸ். 'டர்புலன்ட்' டிக் போட்டு, டீடெயிலை ஏற்றுங்கள். இந்த லேயருக்குக் கறுப்பு லேயர் மாஸ்க் (கறுப்பு உள்ள இடத்தில் லேயரை மறைக்கும் திரை) கொடுத்து, மாஸ்க்கின் மேல் பைலீனியர் கிரேடியன்ட்டைச் சாய்வாக இழுத்தால் ஒரு பட்டையாக மட்டும் தெரியும். ஸ்க்ரீன் மோட், ஒபாசிட்டி 30க்குள். பட்டையின் ஓரத்தை மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க்கிலேயே கலைத்துவிடுங்கள்.

பலரும் விட்டுவிடுவது நடுவில் ஓடும் இருண்ட பிளவுகளை. அவை விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசி. இன்னொரு சாலிட் நாய்ஸ் லேயரை மல்டிப்ளை என்ற, கீழே உள்ளதை இருட்டாக்கும் மோடில் வைத்து, பட்டையின் நடுக்கோட்டில் மட்டும் தெரியவிடுங்கள். அதே மாஸ்க்கோடு ஒரு கூடுதல் நட்சத்திர லேயரும் சேர்த்தால் பட்டைக்குள் அடர்த்தி கூடும். நிறத்தில் அடக்கம் தேவை: மையப் பகுதி வெளிர்மஞ்சள், மற்ற இடம் நீலச்சாம்பல். ஊதாவும் ரோஜாவும் எடிட் செய்தவரின் கைவண்ணம்.

மிகப் பிரகாசமான பகுதி தனுசு, விருச்சிகம் பக்கம். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த மையம் தெற்கே சுமார் 48 டிகிரி உயரம் வரை ஏறும். ஜூன், ஜூலை நள்ளிரவில் அங்கேதான் இருக்கும்.

மரம், கோபுரம், தண்ணீர்?

நிழலுருக்களைச் சுத்தக் கறுப்பில் போடாதீர்கள். அருகில் இருப்பது (6, 8, 14), தூரத்து மலை (16, 22, 38) என்று விலக விலக வெளிறட்டும். நிழலுரு லேயர் எப்போதும் நட்சத்திர லேயருக்கு மேலே. குளத்தில் அசையாத நீர் என்றால் நட்சத்திரம் பிரதிபலிக்கலாம், மங்கலாக, செங்குத்தாகக் கொஞ்சம் இழுபட்டு. கடலில் நிலாவின் ஒளிப்பாதை மட்டும்தான் வரும்.

பகலில் எடுத்த போட்டோவை இரவாக்க முடியுமா?

முடியும். கர்வ்ஸில் நன்றாக இருட்டாக்கி, சாச்சுரேஷனைப் பாதிக்குமேல் குறைத்து, கலர் பேலன்ஸில் நீலம் ஏற்றுங்கள். பகல் வானத்தை வெட்டியெடுத்துவிட்டு உங்கள் வானத்தை வையுங்கள். பிறகு ஜன்னல்களுக்கு (255, 190, 110) நிறம் பூசி, அதன் பிளர் நகலை ஸ்க்ரீனில் வைத்தால் விளக்கு எரியும்.

நிழல்தான் சிக்கல். மேகமூட்டத்தில் எடுத்த படம் என்றால் கவலையில்லை. வெயில் நிழல் உள்ள படமென்றால் நிலாவையும் அந்த வெயில் வந்த திசையிலேயே வைக்க வேண்டும். நிலா வெளிச்சமும் திரும்பி வந்த சூரிய வெளிச்சம்தானே, நிழல் அதே மாதிரி கூர்மையாகத்தான் விழும்.

வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் வருகின்றனவே?

8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். உங்கள் வானத்தின் பச்சை அளவு 8 முதல் 42 வரை போகிறது, அதாவது 35 படி. அதை 1080 வரிசையில் பரப்பினால் ஒவ்வொரு படியும் 30 பிக்சல் அகலப் பட்டை. 16 பிட் என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்காக. கிரேடியன்ட் கருவியில் டிதரிங் (படிகளின் எல்லையைப் புள்ளிகளாகக் கலைப்பது) டிக் இருக்கட்டும். ஏற்றுமதிக்கு முன் வான லேயரில் மிக மெல்லிய நாய்ஸ் சேர்த்தால் பட்டைகள் கலைந்துவிடும்.

அப்புறமும் ஜேபெக் அதைக் கெடுக்கும். பிஎன்ஜியாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

நட்சத்திரங்கள் வட்டமாகச் சுழன்ற கோடுகள் போட வேண்டும்.

நட்சத்திர லேயரைப் படத்தைவிட நன்றாகப் பெரிதாக உருவாக்குங்கள், இல்லையென்றால் மூலைகள் காலியாகும். பில்டர்ஸ், பிளர், சர்க்குலர் மோஷன் பிளர். மணிக்கு 15 டிகிரி கணக்கு. மையம் துருவ நட்சத்திரம். அதன் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகை. சென்னைக்கு 13 டிகிரி, கன்னியாகுமரிக்கு 8. ஆகவே நம்மூர்ப் படத்தில் சுழல் மையம் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வர வேண்டும், நடு வானத்தில் அல்ல. பிளர் ஆனதும் கோடுகள் மங்கிப்போகும், லெவல்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நாசா படங்களை எடுத்துப் பயன்படுத்தலாமா?

நாசாவின் சொந்தப் படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது; அதன் சின்னத்தை மட்டும் விளம்பரம்போல் பயன்படுத்தக் கூடாது. அவர்கள் தரும் நிலாவின் மேற்பரப்பு வரைபடம் இந்த வேலைக்கு நல்ல உதவி. ஐரோப்பியத் தெற்கு வான்காணகத்தின் படங்களைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட ஊரின் வானம் வேண்டுமென்றால் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் தேதியும் இடமும் கொடுத்து, வருவதைப் பார்த்து நட்சத்திரங்களை வையுங்கள்.

அச்சடித்தால் நட்சத்திரங்கள் காணாமல் போகின்றன.

ஏ3 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508க்கு 4961 பிக்சல். அதில் ஒரு பிக்சல் நட்சத்திரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுற்றியுள்ள மை அதை விழுங்கிவிடும். மிக மங்கலானவையும் 3 பிக்சலாவது இருக்கட்டும். திரையில் தெரிவதைவிட அச்சு இருட்டாக வரும், அதனால் அச்சுக்கான நகலில் வானத்தை ஒரு படி வெளுப்பாக்குங்கள். அடர் நீலம் சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சு முறையில் ஊதாவாகத் திரும்பும் பழக்கம் உண்டு. பிளக்ஸ் கடையில் முழு பேனரும் ஓட்டுவதற்கு முன் ஒரு சின்னத் துண்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.